‘டஸ்க்’ தோல்வியுற்ற இசைத்தொகுப்பா? 1979 இல் விமர்சகர்கள் எழுதியது என்ன?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, ஏதாவதோர் இசைத்தொகுப்பை முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இடையில் பேசாமல் கேட்டுவிட்டு, தேநீருக்குப் பிறகு அதைப் பற்றி உரையாடுவது வழக்கம். அடுத்த கூட்டத்தின் அறிமுகவுரை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஃபிளீட்வுட் மக் என்னும் பொப் ரொக் குழுவின் ‘டஸ்க்’. 1979 ஒக்டோபரில், 20 பாடல்களோடு இரட்டை இசைத்தட்டாக அது வெளிவந்தது.

இக்குழுவை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 இல் இலண்டனில் பீற்றர் கிறீன் தொடங்கிய புளூஸ் குழு இது. ஆட்கள் பலர் மாறி, 1975 இல் அமெரிக்கர்களான லின்ட்சே பக்கிங்ஹமும் ஸ்டீவி நிக்ஸும் வந்து சேர்ந்த பிறகு அதன் இசையே வேறாகிவிட்டது. 1977 இல் வந்த ‘ரூமர்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்ததும், அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பாகத் தெரிவானதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த உச்சிக்கு அடுத்த படிதான் ‘டஸ்க்’.

என் உரையின் வரைவில், “வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் இதை நிராகரித்தனர், அடுத்த தலைமுறை இதனை மீட்டெடுத்தது” என்று எழுதியிருந்தேன். இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்தக் கதைதான் இருக்கிறது என்பதால் எனக்கு அதில் ஐயமே எழவில்லை. வரைவைப் படித்துப் பார்த்த தோழி ஒருவர், ‘விமர்சகர்கள்’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘யார்?’ என்று மட்டும் எழுதித் தந்துவிட்டார். இரண்டு நாளாக அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நிராகரித்தவர்கள் உண்மையில் விமர்சகர்களா, அல்லது வாங்காமல் விட்ட மக்களா? அக்காலத்தில் வந்த மதிப்புரைகளை அறிந்தவர்கள் விளக்கினால் நன்று. சிறிய கேள்வி ஒன்றும் உண்டு. ஓர் ஆக்கத்தை விமர்சகர்கள் எதிர்கொண்ட விதத்தைத் தமிழில் ‘விமர்சன வரவேற்பு’ என்று எழுதுகிறார்கள். மாலை போட்டு அழைப்பதற்கு உரிய சொல்லால் வசையையும் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

டைக் வீதிக் கிழவன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தோழி வட்டமிட்டது சரியான இடம். மதிப்புரைகளுக்கு வருமுன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உங்கள் கேள்விக்குப் புறம்பானதன்று.

1980 இல் மத்திய வீதியில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெற்று ஒலிநாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, வேண்டிய பாடல்களை எழுதிவைத்துவிட்டு வந்தால், ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். கையில் இருந்த காசுக்கு 60 நிமிட நாடாதான் வாங்க முடிந்தது. ‘டஸ்க்’ முழுவதும் ஓட ஏறக்குறைய 74 நிமிடம் வேண்டும். கடைக்காரர் அதற்கு ஒரு வழி கண்டார். தன் காதுக்கு இனிக்காத ஆறு பாடல்களை நீக்கிவிட்டு, மிகுதியை இரண்டு பக்கங்களிலும் பதிந்து, உள்ளட்டையில் நீலப் பேனாவால் பாடல்களின் பெயர்களை அழகாக எழுதித் தந்தார். நீங்கிய ஆறும் பக்கிங்ஹம் எழுதியவை. ஆகவே பத்து ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த ‘டஸ்க்’, ‘ரூமர்ஸின்’ சாதுவான தங்கையாகவே இருந்தது. பிற்பாடு என் தம்பி கனடாவிலிருந்து குறுந்தட்டைக் கொண்டுவந்தபோது, முதற் பாட்டு வழக்கம்போல மெல்ல ஓடி முடிந்ததும், இரண்டாவதாக ‘த லெட்ஜ்’ வெடித்துக்கொண்டு வர, தட்டில் கீறல் விழுந்திருக்கிறது என்று எண்ணி வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கேலிக்கூத்து அத்தோடும் முடியவில்லை. அந்தக் குறுந்தட்டிலோ, ஆறரை நிமிடம் ஓடவேண்டிய ‘சேரா’ பாட்டு, இடம் போதாதென்று நாலரை நிமிடமாகக் குறுக்கப்பட்டிருந்தது. என்னிடம் இருந்த இரண்டு பிரதிகளும் குறைப் பிரதிகளே.

இனி மதிப்புரைகள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஸ்டீபன் ஹோல்டன் எழுதியது, நிராகரிப்புக்கு நேர் எதிரான ஒன்று. பீட்டில்ஸ் குழுவின் 1968 ஆம் ஆண்டு இரட்டைத் தொகுப்பான ‘வெள்ளை அல்ப’த்தோடு இதனை ஒப்பிட்ட அவர், முற்றுப்பெற்ற பாடல்களின் திரட்டாக இதைக் காணாமல், துண்டு துண்டான கற்களைப் பதித்த ஒரு சித்திரமாகக் கண்டார். நாற்பது ஆண்டு கழித்து இதைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதையேதான். நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் ரொபர்ட் கிறிஸ்கோ ‘பி பிளஸ்’ என்று தரமிட்டார். அவர் புள்ளி வழங்குவதில் கஞ்சர் என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு என்று விளங்கும். தயாரிப்புக்குக் கொட்டிய பணத்தைப் பற்றி ஒரு குத்தல் அதில் உண்டு. ஆனாலும் இம்முறை அந்தச் செலவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் ‘தோல்வி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? கணக்குப் புத்தகத்திலிருந்துதான். ஒலிப்பதிவுக்கு மட்டும் 10 இலட்சம் டொலருக்கு மேல் செலவானது; ரொக் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு அவ்வளவு செலவானது அதுவே முதல் முறை என்று அப்போது பேசப்பட்டது. இரட்டைத் தட்டின் விலை 15.98 டொலர். போதாக்குறைக்கு, 1979 இல் அமெரிக்காவில் இசைத்தட்டு வியாபாரமே படுத்துக்கிடந்தது. வெளியீட்டையொட்டி ஆர்.கே.ஓ. வானொலி நிலையங்கள் தொகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஒலிபரப்பியதால், வீட்டில் ஒலிநாடா வைத்திருந்தவர்கள் இலவசமாகப் பதிந்துகொண்டார்கள் என்றும், விற்பனை அடிபட அதுவும் காரணம் என்றும் குழுவின் முரசு வாசிப்பாளர் மிக் ஃபிளீட்வுட் பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். (மத்திய வீதியில் பதிந்து வாங்கிய எனக்கு இதைப் படித்தபோது சற்றே வெட்கமாக இருந்தது.) இவ்வளவுக்கும் பிறகு இது அமெரிக்காவில் 4 ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் முதலிடத்தையும் எட்டியது. தலைப்புப் பாட்டு அமெரிக்காவில் 8 ஆம் இடம், ‘சேரா’ 7 ஆம் இடம். உலகெங்கும் விற்றவை 40 இலட்சம் பிரதிகளளவில். வேறெந்தக் குழுவுக்கும் இது வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும். ஆனால் முந்தைய தொகுப்பின் விற்பனையோ அப்போதே கோடியைத் தாண்டியிருந்தது. அண்ணன் வாங்கிய புள்ளியை வைத்துத் தம்பியை அடித்த கதைதான் இது.

ஆகவே, நிராகரித்தது யார் என்ற கேள்விக்கு என் விடை: இசைத்தட்டு நிறுவனத்தின் எதிர்பார்ப்பும், மலிவான வழி கிடைத்த மக்களும். விமர்சகர்களிடையே கருத்து ஒருமிக்கவில்லை என்று எழுதலாம். நிராகரித்தார்கள் என்று எழுத முடியாது.

பாலையூற்று ஒலிப்பதிவாளர் எழுதியது:

ஐயா சொன்னதில் ஒரு பகுதியைத் தொழில் சார்ந்து விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நான் வீட்டின் பின்னறையில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று வைத்திருப்பவன். பெரும்பாலும் கோயில் திருவிழாப் பாடல்களும், ஊர்ப் பொடியன்களின் இசைக்குழுக்களும்தான் வருவார்கள்.

‘டஸ்க்’கில் பக்கிங்ஹம் எழுதிய பாடல்கள் ஒன்பது, குழுவின் இன்னொரு பாடகியும் 2022 இல் மறைந்தவருமான கிறிஸ்டீன் மக்வீ எழுதியவை ஆறு, ஸ்டீவி நிக்ஸ் எழுதியவை ஐந்து. பெண்கள் இருவரின் பாடல்களும் பெரும்பாலும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வில்லேஜ் ரெக்கோடர் கூடத்தில் ‘ரூமர்ஸின்’ அதே பளபளப்போடு பதிவாகின. பக்கிங்ஹமோ அப்போது புதிதாக எழுந்திருந்த பங்க், நியூ வேவ் இசைகளால் ஈர்க்கப்பட்டிருந்தார். தன் வீட்டிலேயே கருவிகளைத் தனியாக வாசித்துப் பதிந்தார். குளியலறைத் தரையில் ஒலிவாங்கியை ஒட்டிவைத்து, தண்டால் எடுப்பவர்போலக் கைகளை ஊன்றிக் குனிந்து பாடினார். முரசுக்குப் பதிலாகக் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தட்டினார். நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கிற்றாரின் குரலையே மாற்றினார். இவற்றை அறியாமல் கேட்பவருக்கு, கூடத்தில் யாரோ தவறுதலாக ஒத்திகை நாடாவை ஏற்றிவிட்டார்கள் என்றே தோன்றும்.

முதற் பாட்டு கிறிஸ்டீனுடையது. மெழுகிய சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடப்பது போன்றது. இரண்டாவது பாட்டில் அதே கால் கருங்கற் சல்லியில் விழுகிறது. குழுவினர் வேண்டுமென்றே செய்த அடுக்கு அது. ஐயாவின் கடைக்காரர் சல்லியைக் கூட்டி அள்ளிவிட்டுத் தரையை மட்டும் கொடுத்திருக்கிறார்! இன்று நான் இதைச் செய்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், ஏனெனில் இப்போது எல்லோரும் வீட்டிலேயே பதிகிறார்கள். 1979 இல், உலகில் அதிகம் விற்ற குழுக்களில் ஒன்று, உலகின் விலையுயர்ந்த கூடங்களில் ஒன்றை வாடகைக்கு எடுத்துவைத்துக்கொண்டு, குளியலறையில் பாடியது.

அக்கால மதிப்புரைகளில் எனக்குத் தெரிகின்ற குறை வேறு. இசை விமர்சனம் பாட்டின் வரிகளையும் மெட்டையும் பாடகரின் குரலையும் பேசப் பழகியிருந்தது. ஒலியை எப்படி அமைத்தார்கள் என்பதைப் பேச அதனிடம் சொற்கள் குறைவாகவே இருந்தன. ஆகவே பக்கிங்ஹமின் பாடல்களை ‘அரைகுறை’ என்று ஒருவர் எழுதினால், அவருக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதைச் சொல்லும் மொழி அவரிடம் இல்லை என்பேன்.

தலைப்புப் பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். அதன் அடித்தாளம், சில விநாடி நீளமுள்ள முரசுப் பதிவொன்றை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆக்கப்பட்டது. அதன்மேல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை, நூற்றுக்கு மேற்பட்டவர்களை, டொட்ஜர் மைதானத்துக்கு வரவழைத்துப் பதிந்தார்கள். நோர்மண்டி ஊரொன்றில் பித்தளை வாத்தியக் குழுவைக் கேட்ட மிக் ஃபிளீட்வுட்டின் யோசனை அது. பாஸ் கிற்றார் வாசிக்கும் ஜோன் மக்வீ அன்று ஊரில் இல்லாததால், அவருடைய ஆளுயர அட்டைப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், காணொளியில் பார்க்கலாம். நம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளின்போது மக்கெய்சர் மைதானத்தில் பாண்ட் வாத்தியம் சுற்றி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்து மூலையில் பெரிய முரசை அடிக்கும் கை மேலெழும்பிய பிறகுதான் சத்தம் நம்மிடம் வரும்; கடற்காற்று திரும்பினால் எக்காளம் மட்டும் காணாமற்போகும். அந்தத் திறந்தவெளித் தளர்ச்சியை ஒரு பொப் பாட்டுக்குள் கொண்டுவந்ததுதான் அதிலுள்ள வேலை.

நிலாவெளி நடுவர் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன். இந்தத் தொகுப்பில் 20 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் 13 போதும். பக்கிங்ஹமின் ஒன்பதில் மூன்றோ நான்கோ ஒன்றையொன்று பிரதி எடுத்தவை; ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்டதாகக் கொள்ளலாம். துணிவைப் பாராட்டுவது வேறு, பாட்டைப் பாராட்டுவது வேறு. ‘பெரும் பணத்தைப் பணயம் வைத்துத் தன் வழியில் போனார்’ என்ற கதை நமக்குப் பிடித்திருப்பதால், அந்தக் கதையைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்கிறோம். 1979 இல் இந்தக் கதை இன்னும் உருவாகாத நிலையில், வெறும் தட்டைச் சுழலவிட்டுக் கேட்டவர்கள் ‘நீளம் அதிகம்’ என்று சொல்லியிருந்தால், அவர்களது தீர்ப்பே சுத்தமானது.

பிற்கால மீட்பையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். வீட்டில் பதியும் இசைக்குழுக்கள் பெருகிய காலத்தில்தான் இதன் மதிப்பு ஏறியது. ‘கம்பர் வன் பீத்தோவன்’ என்ற அமெரிக்கக் குழு இந்தத் தொகுப்பை அப்படியே முழுமையாகத் தாங்களே வாசித்து வெளியிட்டது கூட அந்த மனநிலையில்தான். தங்கள் முகம் தெரிந்த கண்ணாடியை அவர்கள் நல்ல கண்ணாடி என்றார்கள். ஒலிப்பதிவாளர் தம்பியும் அந்த இனந்தான், குறை நினைக்கவேண்டாம்.

நல்லவற்றை மறுக்கவில்லை. ‘சேரா’வும் ‘ஸ்டோர்ம்ஸ்’ஸும் எந்தக் காலத்திலும் நிற்கும். அவை இரண்டும் ஸ்டீவி நிக்ஸ் எழுதியவை, குளியலறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பற்றி: ‘விமர்சகர் கண்டது’ என்று எழுதுங்கள். வரவேற்பும் வேண்டாம், ஏற்பும் வேண்டாம்.

பாலையூற்று ஒலிப்பதிவாளர் எழுதியது:

குறை நினைக்கவில்லை அண்ணா. என் முகம் தெரிவது உண்மைதான். ஆனால் 13 பாடல்களாகக் குறைக்கும் வேலையை நீங்கள் செய்தால், மத்திய வீதிக் கடைக்காரர் செய்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவரும் தன் காதுக்குச் சரியாகத்தான் குறைத்தார். ஸ்டீவி நிக்ஸின் பாடல்கள் தனியே நிற்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவற்றை ஒரு முறை இருக்கவேண்டிய இடத்தில் வைத்துக் கேளுங்கள். முன்னும் பின்னும் பக்கிங்ஹமின் இரைச்சல் இருக்கும்போது ‘ஸ்டோர்ம்ஸ்’ வேறொரு அமைதியோடு வருகிறது.

‘தோல்வி’ என்ற தீர்ப்பு யாருக்கு உண்மையில் உறைத்தது என்பதையும் வாசகி அக்கா உரையில் சேர்க்கலாம். விற்பனைக் கணக்கு வந்த பிறகு, இனிமேல் இந்த வழியில் வேலை செய்வதில்லை என்று மற்றவர்கள் முடிவெடுத்ததாகப் பக்கிங்ஹமே பிற்கால நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 1982 இல் வந்த அடுத்த தொகுப்பு ‘மிராஜ்’ பழைய பளபளப்புக்குத் திரும்பியது. அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. மதிப்புரை எழுதியவர்கள் எவரும் அந்தத் திருப்பத்தைக் கேட்கவில்லை.

உவர்மலை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதற் பந்தியைக் கிழித்துவிட்டு இப்படி மாற்றியிருக்கிறேன்: “1979 இல் ‘டஸ்க்’கைப் பற்றி எழுதியவர்களுள் முக்கியமான சிலர் அதன் சிதறலைக் கண்டார்கள், அதற்கு ஒரு காரணம் இருப்பதையும் கண்டார்கள். அதனைத் தோல்வி என்று முதலில் பெயரிட்டது விற்பனைக் கணக்கு. காலப்போக்கில் அந்தக் கணக்கின் சொல், விமர்சகர்களின் சொல்லாகத் திரிந்து பரவியது.” நடுவர் ஐயாவின் ‘நீளம் அதிகம்’ என்ற வாதத்தையும் பெயர் சொல்லாமல் சேர்த்திருக்கிறேன், கூட்டத்தில் அதே வாதத்தை வைக்கப்போகும் இருவரை எனக்குத் தெரியும். ‘விமர்சகர் கண்டது’ என்பதே உரையின் தலைப்பாகவும் ஆகிவிட்டது.

கிழவன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த 60 நிமிட ஒலிநாடா இன்னும் இருக்கிறதா? இருந்தால் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா?

டைக் வீதிக் கிழவன் எழுதியது:

இருக்கிறது. உள்ளட்டையில் நீல மை மங்கிவிட்டது, ஆனாலும் எழுத்துத் தெரிகிறது. நேற்று எடுத்துப் பென்சிலைச் செருகி ஒருமுறை சுற்றிப் பார்த்தேன், நாடா ஒட்டிக்கொள்ளவில்லை. என்னுடைய கசற் பிளேயரின் பெல்ட் இளகிப்போய் எல்லாப் பாட்டும் அரை வேகத்தில் ஓடுகிறது. பாலையூற்றுத் தம்பி ஓடுகின்ற பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தால், ஆறு பாட்டுக் குறைந்த ‘டஸ்க்’கின் முதற் பக்கத்தை முதலில் போடுவோம். அதில் இரண்டாவதாக வருவது ‘திங்க் அபவுட் மீ’. யாரும் எதுவும் குறைவதாகச் சொல்லாவிட்டால், அதன் பிறகு முழுத் தட்டைப் போடலாம்.